மோட்டோஜிபி சாம்பியன் ஜிடி3 காரில் ஏறினால் நேரம் எங்கே போகிறது?

#1 · வளைவு46

வாலென்டினோ ரோஸி 2021 கடைசில மோட்டோஜிபியை (பைக் பந்தயத்தோட உச்சத் தொடர்) விட்டப்ப அவருக்கு 42 வயசு, கையில 9 உலகப் பட்டம். 2022 ஏப்ரல்ல இமோலாவுல டபிள்யூஆர்டி அணியோட ஆடி ஆர்8 ஜிடி3-ல (சாலைக் காரை அடிப்படையா வச்சுச் செய்யற பந்தயக் கார் வகை) இறங்கினார். பிட்டுக்கு (டயர், டிரைவர் மாத்த நிறுத்தற இடம்) வந்தவர் தன்னோட அணி நிக்கற பாக்ஸைத் தாண்டிப் போயிட்டார், இன்னொரு சுற்று முழுசா சுத்தி வர வேண்டியதாப் போச்சு. முதல் வெற்றி 2023 ஜூலை, மிசானோ. அதுக்குள்ள காரே பிஎம்டபிள்யூ எம்4-க்கு மாறியிருந்தது.

கேள்வி இதுதான். 340 கிமீ வேகத்துல பிரேக் புள்ளியைத் தவறவிடாத ஆளு, அதைவிட 60, 70 கிமீ கம்மியா ஓடுற கார்ல ஏறினதும் நேரம் எங்க போகுது? "பயிற்சி போதலை", "வயசாயிடுச்சு" மாதிரி பதில் வேண்டாம். பிரேக்கா, லைனா (வளைவுல வண்டி போற பாதை), டயரா, டிராஃபிக்கா, எந்த இடத்துல ஏன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரசிகர் சண்டைக்கு வேற இழை இருக்கு.

#2 · பிட்சுவர்

பெரும்பகுதி பிரேக்கில்தான் போகிறது. தாமதமாகப் பிடிக்கும் தைரியத்துக்குப் பஞ்சம் இருக்காது. கோளாறு அழுத்தத்தின் வடிவத்தில் இருக்கும்.

பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கின் எல்லையை டயர் தீர்மானிப்பதற்கு முன்பே பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். எடைமையத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள கிடைத்தூரத்தை, எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால் அந்த எல்லை வந்துவிடும். சுமார் 1.1, 1.2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு). அதிவேகத்தில் காற்றுத் தடை இதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் தரும். அதனால் ரைடர் லீவரை முதலில் மெதுவாக இழுத்து, முன் ஃபோர்க்கை உட்கார வைத்து, டயர் நசுங்கிய பிறகுதான் முழு அழுத்தம் கொடுப்பார். எடுத்த எடுப்பில் முழுசாகப் பிடித்தால் முன்டயர் வழுக்கும், இல்லையென்றால் பின்பக்கம் காற்றில் ஆடும்.

ஜிடி3 காரில் கதை தலைகீழ். இறக்கை கொடுக்கும் கீழ்விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 250 கிமீ-யில் பிடி மிக அதிகம், 100-க்கு வரும்போது பெரும்பகுதி போயிருக்கும். எனவே உச்ச அழுத்தம் முதல் நொடியின் முதல் கால்பங்கிலேயே வந்துவிட வேண்டும், பிறகு வேகம் குறையக் குறைய காலை விட்டுக்கொண்டே வர வேண்டும். பைக்காரர் ஏற்றுகிற இடத்தில் கார்க்காரர் இறக்குகிறார்.

கணக்காகவே பார்க்கலாம். 250 கிமீ என்றால் நொடிக்கு 69 மீட்டர். அழுத்தம் உச்சத்தை எட்ட 0.15 நொடிக்குப் பதில் 0.45 நொடி ஆனால், அந்தக் கூடுதல் 0.3 நொடியில் பாதி வீண். கிட்டத்தட்ட 10 மீட்டர். அதாவது அவர் 10 மீட்டர் முன்னாடியே பிரேக் தொட்டாக வேண்டும். தொடமாட்டார், ஏனென்றால் அவர் சாம்பியன். பக்கத்து டிரைவர் தொடும் அதே பலகையில்தான் தொடுவார். விடுபட்ட பிரேக்கை வளைவுக்குள் கொண்டு போவார். அங்கே ஸ்டீயரிங் திரும்பியிருக்கும், முன்டயர் இரண்டு வேலை செய்ய முடியாமல் அண்டர்ஸ்டீயர் ஆகும் (திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாது), சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் துடிக்கும், கார் வளைவின் உள்முனையான அபெக்ஸைத் தாண்டி அகலமாகப் போகும், ஆக்சிலரேட்டர் தாமதமாகும். நேரம் தொலைந்தது நேர்கோட்டில் தெரியும், காரணமோ அதற்கு முந்தின பிரேக்கின் முதல் அரை நொடியில் இருக்கும்.

#3 · தரவுக்கோடு

மேல சொன்னது சரி. டேட்டாவுல இது எப்படித் தெரியும்னு சேர்த்துக்கறேன். ஒரே கார், ஒரே டயர், கூட ஓட்டுற தொழில்முறை டிரைவரோட சுற்றை மேல வச்சு ஒப்பிடணும். வேகக் கோட்டை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. பிரேக் அழுத்தம், திராட்டில், ஸ்டீயரிங் கோணம் மூணையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வைங்க.

பைக்ல இருந்து வந்தவங்ககிட்ட திரும்பத் திரும்பத் தெரியற அடையாளம் நாலு. பிரேக் கோடு செங்குத்தா ஏறாம சாய்வா ஏறும். இறங்குற பக்கம் வழவழன்னு இல்லாம படிக்கட்டு மாதிரி இருக்கும், ஏன்னா இடது கால். அந்தக் கால் வாழ்நாள் பூரா கியர் மட்டும்தான் தட்டியிருக்கு, அளந்து அமுக்கிப் பழக்கமே இல்ல. மூணாவது, பிரேக் விட்டதுக்கும் திராட்டில் திறக்கறதுக்கும் நடுவுல சும்மா உருளுற இடைவெளி. பைக்ல சாய்வு உச்சத்துக்குப் போற அந்தக் கணத்துல இது தேவைதான், கார்ல சுத்த வீண். நாலாவது ஸ்டீயரிங். ஒரே ஓட்டமாத் திரும்பாம ரெண்டு தடவை கடிக்கும். முதல் கடியில மூக்கு உள்ள வரலைன்னதும் இன்னும் கொஞ்சம் திருப்புவாங்க, அதுக்குள்ள முன்டயர் சூடாகிடும். அப்புறம் அஞ்சாறு சுற்றுக்கு "முன்பக்கம் பிடிக்கலை"ன்னு ரேடியோல புகார் வரும். மெக்கானிக் ஆன்ட்டி-ரோல் பாரை (கார் பக்கவாட்டுல சாயறதைக் குறைக்கற கம்பி) மாத்துவார். மாத்தவே கூடாது, ஓட்டுறதுல இருக்கற கோளாறை கார்ல திருத்துனா அடுத்த டிரைவருக்குக் கார் பின்பக்கம் தூக்கிப்போடும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வேகமான வளைவு, மழை, தேஞ்ச டயர், இந்த மூணுலயும் அவங்க முதல் நாள்லயே கிட்ட வந்துடுவாங்க. வழுக்கறதைப் படிக்கிற புலன் வண்டி மாறினாலும் போறதில்ல.

#4 · சிங்கிள்சீட்டர்

இதையெல்லாம் படித்தால் ஜான் சர்டீஸ் என்று ஒருவர் இருந்ததே தப்பு என்று தோன்றும்.

500 சிசி-யில் 1956, 58, 59, 60. 350 சிசி-யில் 58, 59, 60. மொத்தம் 7 பட்டம், எல்லாம் எம்வி அகுஸ்டாவில். அதே 1960-ல் பைக் பட்டத்துக்கு ஓட்டிக்கொண்டே லோட்டஸில் ஃபார்முலா ஒன். இரண்டாவது கிராண்ட் பிரீ சில்வர்ஸ்டோன், இரண்டாம் இடம். மூன்றாவது போர்ச்சுகல், போல் பொசிஷன். 1964-ல் ஃபெராரியில் உலக சாம்பியன், கிரஹாம் ஹில்லை 40-க்கு 39 என்று ஒரே புள்ளியில் முந்தி. டேட்டா ஓவர்லேயும் இல்லை, சிமுலேட்டரும் இல்லை.

இன்னும் பின்னால் போங்கள். பெர்ன்ட் ரோஸ்மேயர் பைக் பந்தயத்திலிருந்து நேராக 1935-ல் ஆட்டோ யூனியனுக்கு வந்தவர். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தக் காரின் வாலை அடக்க முடியாமல் அனுபவசாலிகளே திணறினார்கள். முன்பக்கத்தில் எஞ்சின் வைத்த ரேஸ் காரின் பழக்கமே இவருக்குக் கிடையாது, எனவே மறக்க வேண்டியதும் இல்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பிய சாம்பியன். பழக்கம்தான் பகை என்றால் அது எல்லாருக்கும் பகையாக இருந்திருக்க வேண்டுமே?

என் கருத்து: ஜிடி3 என்பது ஓய்வுபெற்றவர்களுக்கான திண்ணை. 22, 23 வயதில் ஒரு பைக் சாம்பியனை ஒற்றை இருக்கைக் காரில் ஏற்றியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

#5 · பிட்சுவர்

நீங்கள் கொடுத்த உதாரணங்களே பதிலையும் சொல்கின்றன. 1960-இன் லோட்டஸ் சுமார் 400 சொச்சம் கிலோ, ஒல்லி டயர், இறக்கை இல்லை. ஃபார்முலா ஒன் காருக்கு இறக்கை வந்ததே 1968-ல். நான்கு சக்கரமும் மெல்ல வழுக்க, திராட்டிலில் திசை பிடித்து ஓட்ட வேண்டிய கார் அது. பிரேக்கின் உச்சமும் வேகத்தைப் பொறுத்து இன்றுபோல் மாறவில்லை. 500 சிசி ரைடரின் கைவேலைக்கு இதைவிடப் பொருத்தமான கார் வரலாற்றில் கிடையாது. சர்டீஸ் வின்சென்ட் தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும்கூட. சஸ்பென்ஷனைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கும் நேராக ஃபார்முலா ஒன் கதவு திறக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1960 மார்ச்சில் குட்வுட்டில், கென் டிரெல் கொடுத்த கூப்பரில் ஃபார்முலா ஜூனியர். முதல் கார் ரேஸ், ஜிம் கிளார்க்குக்கு அடுத்து இரண்டாவது.

இப்போது அந்தக் கதவே இல்லை. ஃபார்முலா ஒன் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று சீசனில் 40 புள்ளி வேண்டும், மோட்டோஜிபி பட்டத்துக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ரோஸி 2006-ல் வலென்சியாவில் மற்ற ஃபார்முலா ஒன் கார்களோடு சேர்ந்தே ஃபெராரியை ஓட்டிப் பார்த்தார். அன்று முடிவெடுத்திருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். பைக் சாம்பியன் மார்க் மார்க்கெஸ் 2018-ல் ரெட் புல் ரிங்கில் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியது வெறும் விளம்பர நாள்.

சர்டீஸுக்குப் பிறகு வந்தவர்களையும் எண்ணுங்கள். மைக் ஹெய்ல்வுட் 9 பைக் பட்டத்தோடு வந்து, சர்டீஸின் அணியிலேயே 1972 ஐரோப்பிய ஃபார்முலா டூ பட்டம் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் வெற்றி இல்லை. 15 பட்டம் வென்ற அகோஸ்டினி ஃபார்முலா டூ-விலும் பிரிட்டனின் அரோரா தொடரிலும் முயன்று நிறுத்திக்கொண்டார். ஜானி செகோட்டோ கதைதான் இந்த இழைக்கு நேராகப் பொருந்துவது. 1975-ல் 19 வயதில் 350 சிசி சாம்பியன், 1984-ல் டோல்மன் ஃபார்முலா ஒன் அணியில் அயர்டன் சென்னாவுக்கு ஜோடி, பிராண்ட்ஸ் ஹாட்ச் பயிற்சியில் கால்கள் நொறுங்கின. அந்தக் காலக் கார்களில் டிரைவரின் பாதம் முன் அச்சுக்கும் முன்னால் இருக்கும். அதன் பிறகு டூரிங் கார்களுக்குப் போய் ஜெர்மனியில் 1994, 1998 என்று இரண்டு சூப்பர் டூரிங் பட்டம். திண்ணை என்றீர்களே, அந்தத் திண்ணையில்தான் அவருடைய கார் வாழ்க்கையே நடந்தது.

#6 · சிங்கிள்சீட்டர்

செகோட்டோவை ஒத்துக்கொள்ள முடியாது. கால் உடையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1983-இல் தியோடர் மாதிரி ஒரு பின்வரிசைக் காரில் லாங் பீச்சில் ஆறாம் இடம் எடுத்த ஆள் அவர்.

#7 · கப்கார்

ஒற்றை இருக்கையா மூடிய காரா என்பதைவிட முதல் கார் எது என்பதுதான் முக்கியம் நண்பர்களே. நேராக ஜிடி3-ல் ஏற்றுவது தவறு என்பேன். ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது) இரண்டும் தவறை மூடி மறைத்துவிடும். போர்ஷே 911 ஜிடி3 கப் மாதிரி ஒரு காரில் ஒரு சீசன் ஓடட்டும். 2021-ல் வந்த 992 தலைமுறைக் கப்பில் 4.0 லிட்டர், 510 குதிரைசக்தி, பின்னச்சுக்கும் பின்னால் எஞ்சின். ஏபிஎஸ் இல்லாமல் ஓட்டும்போது உச்ச அழுத்தத்துக்குப் பிறகு காலை விடத் தாமதித்தால் முன்டயர் பூட்டிக்கொள்ளும், ஒரு பக்கம் தட்டையாகும், அடுத்த நேர்கோடு முழுக்க ஸ்டீயரிங் உதறும். இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. பைக் சாம்பியன் ஹோர்கே லோரன்சோ 2022-ல் போர்ஷே கரேரா கப் இத்தாலியாவுக்குப் போனது அந்த வகையில் சரியான முடிவு.

911-க்கு இன்னொரு குணமும் உண்டு. முன்பக்கம் எடை குறைவு, பிரேக்கை நுனியில் கொஞ்சம் வைத்துக்கொண்டே திரும்பினால்தான் மூக்கு உள்ளே வரும். ட்ரெயில் பிரேக்கிங்கில் ஊறிய பைக்காரருக்கு இது கைவந்த கலை.

#8 · தரவுக்கோடு

பாதி ஒத்துக்கறேன். ஆனா ஒரே மாதிரி கார்கள் ஓடுற கோப்பைல எல்லாரும் அஞ்சாறு வருஷமா அதே காரை ஓட்டுற இளசுங்க. அரை நொடிக்குள்ள பதினஞ்சு கார் நிக்கும். பந்தயம் அரைமணி நேரம். சாம்பியன் பத்தாவது, பன்னெண்டாவது வரிசைல கிளம்பி, முதல் வளைவுல முட்டு வாங்கி, சீசன் முடிஞ்சிடும். கத்துக்கற நேரமே கெடைக்காது.

கேசி ஸ்டோனர் உதாரணம் பாருங்க. 2007, 2011 சாம்பியன், வயசு 27, 2013-ல ஆஸ்திரேலிய வி8 சூப்பர்கார்ஸோட இரண்டாம் கட்டத் தொடர். கனமான கார், ஏபிஎஸ் கிடையாது, டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது, கதவுக்குக் கதவு உரசல். அணி டிரிபிள் எய்ட், குறை சொல்லவே முடியாத அணி. ஒரே சீசன்ல போதும்னு விட்டுட்டார். உங்க கணக்குப்படி அவர்தான் சரியான பாதைல போனவர்.

ஜிடி3 என்டூரன்ஸ்ல (நீண்ட நேரப் பந்தயம்) ஒரு ஸ்டின்ட், அதாவது ஒருத்தர் ஒரே மூச்சுல ஓட்டுற நேரம், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஒரே வார இறுதியில பல மணி நேரம் சீட்ல உட்காரலாம், கூட ரெண்டு தொழில்முறை டிரைவரோட டேட்டா பக்கத்துலயே இருக்கும். ஏபிஎஸ் தவறை மறைக்கும்னு சொன்னீங்க, டேட்டா மறைக்காது. முன்சக்கரத்துல ஏபிஎஸ் எந்த இடத்துல வேலை செஞ்சதுன்னு சேனல்லயே வரும். நேர்கோட்டுல முதல் கணத்துல தொட்டா நல்லது, ஸ்டீயரிங் திரும்பின பிறகு தொட்டா காலை லேட்டா விடறார்னு அர்த்தம்.

#9 · மணற்புயல்

சுற்றுப்பாதையை மட்டும் பேசுறீங்க. இரண்டு சக்கரத்துல இருந்து நாலுக்கு மாறினதுல ஆகப் பெரிய வெற்றி டக்கார் பாலைவனப் பந்தயத்துலதான். பீட்டர்ஹான்சல் பைக்ல 6 தடவை, 1991-ல இருந்து 98-க்குள்ள. கார்ல 8 தடவை, 2004-ல ஆரம்பிச்சு 2021 வரைக்கும். ஹ்யூபர்ட் ஓரியோல் அவருக்கும் முன்னாடி, பைக்ல 1981, 83, கார்ல 1992. நானி ரோமா பைக்ல 2004, கார்ல 2014.

ஏன் அங்க மட்டும் நடக்குதுன்னா, வேகத்தைத் தீர்மானிக்கிறது பிரேக் பெடல் இல்ல, தரையைப் படிக்கிற கண்ணு. மணல் மேட்டோட நிழல் எந்தப் பக்கம் விழுது, மேடு உச்சில அறுத்துவிட்ட மாதிரி இருக்கா உருண்டையா இருக்கா, ஒட்டகப்புல் எந்த இடைவெளில இருக்கு, இதெல்லாம் ரெண்டுக்கும் பொது. பைக்காரர் ரோடு புக்கையும் (வழிக்குறிப்பு ஏடு) தானே படிச்சு, வழியும் தானே தேடி, வண்டியும் ஓட்டினவர். கார்ல பக்கத்துல ஒருத்தர் வழி சொல்றார், மூளைல பாதி காலியாகுது. அவங்க கத்துக்க வேண்டியது டயர் காற்றை எவ்வளவு எறக்கணும், மேட்டு உச்சில எப்ப காலை எடுக்கணும், புதைஞ்சா ஜாக்கியை எங்க வைக்கணும். லேட்டா எடுத்தா கார் மூக்கால எறங்கும், பைக் மாதிரி எழுந்து நின்னு சமாளிக்க முடியாது, முதுகெலும்புதான் வாங்கும்.

#10 · வளைவு46

டக்கார் தகவல் அருமை மணற்புயல், அதுக்குத் தனி இழையே போடலாம். திரும்ப வளைவுக்கு வருவோம். பிரேக் புரிஞ்சது. லைன் பத்தி யாராவது?

#11 · கெர்ப்காரன்

லைன்தான் வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் சமாச்சாரம்.

மோட்டோஜிபி பைக் குறைந்தபட்சம் 157 கிலோ, 250 குதிரைசக்திக்கு மேல். ரைடரையும் சேர்த்தாலும் ஒரு கிலோவுக்கு ஒரு குதிரைசக்திக்கு மேல் வரும். ஜிடி3 சுமார் 1,300 கிலோ, 500-லிருந்து 600 குதிரைசக்தி. கிலோவுக்குப் பாதிகூட இல்லை. அதனால் பைக்கில் வளைவின் நடுவேகத்தைக் கொஞ்சம் தியாகம் செய்து, சீக்கிரம் திருப்பி, வண்டியை நிமிர்த்தி, அகலமான பின்டயரில் சுட்டுவிட்டால் லாபம். காரில் அப்படிச் செய்தால் இழந்த வேகத்தைத் திரும்பக் கட்ட எஞ்சினில் தெம்பு கிடையாது. வளைவை ஆங்கில வீ மாதிரி வெட்டாமல் யூ மாதிரி உருட்ட வேண்டும். வளைவின் நடுவில் 4, 5 கிமீ குறைந்தால் அந்த நேர்கோடு முடியும் வரை அது திரும்ப வராது.

அடுத்தது உடம்பு. பைக்கில் அபெக்ஸில் டயர் கெர்பை (டிராக் ஓரத்து மேட்டு விளிம்பு) தொடுவதில்லை, ஏனென்றால் தோளும் தலையும் உள்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். தொட வேண்டியதும் இல்லை, சாய்ந்த பைக்குக்கு பெயின்ட் அடித்த கெர்ப் ஆபத்து. காரில் உள்சக்கரம் இரண்டும் கெர்ப் மேல் ஏற வேண்டும். பழக்கதோஷத்தில் அரை மீட்டர் விட்டுவிடுவார்கள். கேட்டால் "தொட்டேனே" என்பார்கள், ஆன்போர்டு கேமராவில் பார்த்தால் இடைவெளி தெரியும்.

மூன்றாவது, உட்காரும் இடம். பைக்கில் ரைடர் நட்டநடுவில். ஜிடி3-ல் காரின் அகலம் 2 மீட்டர், டிரைவர் பெரும்பாலும் இடப்பக்கம். இடது வளைவில் பிரச்சினை இல்லை. வலது வளைவில் உள்சக்கரம் கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, தூணுக்கும் டாஷ்போர்டுக்கும் கீழே ஒளிந்திருக்கும். இடதையும் வலதையும் பிரித்து நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், வலதில் அதிகம் போயிருக்கும். மெதுவான சுற்றில் வேண்டுமென்றே வலது கெர்பில் சக்கரத்தை ஏற்றி அந்த அதிர்வை இருக்கையில் உணரவைப்பதுதான் மருந்து. வேறு குறுக்குவழி கிடையாது.

மழையில் மட்டும் இந்தப் பாடத்தைத் திருப்பிப் போட வேண்டும். நனைந்த கெர்ப் காருக்கும் ஆகாது, ரப்பர் படிந்த வழக்கமான லைனும் வழுக்கும். வெளிப்பக்கமாகச் சுற்றிப் பிடியைத் தேட வேண்டும். அதில் பைக்காரர்கள் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

#12 · பின்கண்ணாடி

டிராஃபிக் யாரும் தொடலை. ரேஸ் பைக்குல கண்ணாடியே கிடையாது. பின்னாடி வர்றவன் கவலை ரைடருக்கு இல்ல, முந்தறவன்தான் பொறுப்பு. டபிள்யூஇசி-ல (உலக என்டூரன்ஸ் தொடர்) எல்எம்ஜிடி3 (அதுல ஜிடி3 கார்களோட வகுப்பு) ஓட்டினா, ஒவ்வொரு சில நிமிஷத்துக்கும் மேல் வகுப்பு ஹைப்பர்கார் பின்னாடி வரும். பின்கேமரா திரையைப் பார்க்கணும், எந்த வளைவுல வழி விட்டா தனக்கு நஷ்டம் கம்மின்னு முன்கூட்டியே முடிவெடுக்கணும். வேகமான வளைவோட நடுவுல விட்டா அழுக்குப் பக்கம் போய், டயர்ல ரப்பர் துணுக்கு ஒட்டி, அடுத்த ரெண்டு வளைவு போச்சு. நேர்கோட்டு முடிவுல, பிரேக்குக்குச் சற்று முன்னாடி விட்டா நஷ்டம் ரொம்பக் கம்மி.

முந்தறதும் வேற. பைக்ல உள்ள பாய்ஞ்சு எதிராளியை நிமிர வச்சுட்டுப் போறது சாதாரணம், ரெண்டு பைக் நுழைய ஒரு கார் அகலம் போதும். கார்ல அதே பாய்ச்சல் மோதல்ல முடியும், டோ-லிங்க் (சக்கரத்தோட திசையைப் பிடிக்கற தண்டு) வளையும், மேல டிரைவ்-த்ரூ தண்டனை (பிட் வழியா மெதுவாப் போய் வரணும்).

குளிர்ந்த டயர் இன்னொண்ணு. மோட்டோஜிபில வார்மர் (சூடாக்கற போர்வை) போர்த்தின டயர்ல கிளம்புவாங்க. டபிள்யூஇசி 2023-ல வார்மரை எடுத்துட்டாங்க. பிட்ல இருந்து வெளிய வர்ற முதல் சுற்று ஐஸ் மேல ஓட்டுற மாதிரி. இங்க பைக்காரருக்கு லாபம்னு நினைக்கறேன். டயர் சூடாகலைன்னு அவருக்கு முதல் ரெண்டு வளைவுலயே தெரிஞ்சிடும்.

அப்புறம் ரேடியோ. பைக்ல பிட் போர்டும் டாஷ்ல ஒரு வரியும்தான். கார்ல பேசணும், அதுவும் சரியான நேரத்துல. பிரேக் பிடிச்சுட்டிருக்கறப்ப இன்ஜினியர் பேசக்கூடாது, நேர்கோட்டுல மட்டும். இமோலால பாக்ஸைத் தாண்டினதும் இந்த ரகம்தான். பிட் லிமிட்டர், பாக்ஸ் எண்ணிக்கை, பலகை பிடிக்கறவர், நிறுத்தினதும் எஞ்சின் ஆஃப், வலையைக் கழட்டு, ரேடியோ ஒயர், தண்ணிக் குழாய், பெல்ட், ஸ்டீயரிங், இத்தனையும் வரிசையா நடக்கணும். ஸ்பிரின்ட் ரேஸ்ல 60 நிமிஷத்துல 25-க்கும் 35-க்கும் நடுவுல கட்டாய டிரைவர் மாற்றம். மாத்தறதுல நாலு நொடி போனா டிராக்ல அதைப் பிடிக்க முடியாது. நின்ன கார்லயே திரும்பத் திரும்பச் செஞ்சு பழகணும், இதுக்கு டிராக் வாடகைகூட வேண்டாம்.

#13 · கப்கார்

பின்கண்ணாடி சொன்ன எல்எம்ஜிடி3-ல் அணிகள் சாம்பியனை விரும்ப இன்னொரு காரணம் இருக்கிறது, யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. டிரைவர்களின் தரவரிசை. குழுவில் ஒரு புரோன்ஸ் (வெண்கலம், அமெச்சூர் தரம்), ஒரு சில்வர் (அதற்கு அடுத்த மேல் தரம்), மூன்றாமவர் யாராகவும் இருக்கலாம். கார் பந்தயத்தில் பெரிய பதிவு இல்லாமல் வருகிற பைக் சாம்பியன் சில்வரில் உட்காருவார். 2024-ல் ரோஸி அப்படித்தான், புரோன்ஸ் அல் ஹார்த்தி, தொழில்முறை இடத்தில் மாக்சிம் மார்ட்டின். இமோலாவில் வகுப்பில் இரண்டாம் இடம். 30 ஆண்டு பந்தய நிதானம் உள்ள ஒரு சில்வர் என்றால் அணிக்குக் கொண்டாட்டம்.

#14 · முடிச்சு

பாதுகாப்பு உடுப்பு பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் இதில் முதல் நாளிலேயே தகராறு வரும்.

பைக் ஹெல்மெட் செல்லாது. காருக்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8859 அல்லது 8860 தரம் வேண்டும், உள்துணி தீயைத் தாங்க வேண்டும், பக்கவாட்டில் ஹான்ஸ் (மோதலில் கழுத்தைக் காக்கும் தோள் கவசம்) மாட்டும் கொக்கி இருக்க வேண்டும். தோல் சூட்டும் செல்லாது. அது உராய்வுக்காகச் செய்தது, தீக்காக அல்ல. சூட், உள்ளாடை, பாலக்ளாவா, கையுறை, ஷூ எல்லாம் 8856. ஹான்ஸ் 8858, நிமிர்ந்து உட்காரும் ஜிடி காருக்கு 20 டிகிரி ரகம். 30 டிகிரி சாய்ந்து படுக்கும் ஃபார்முலா காருக்கு. மாற்றிப் போட்டால் கழுத்தை முன்னே தள்ளும்.

பெல்ட்டை அவர்கள் எப்போதும் தளர்வாக விடச் சொல்வார்கள். பைக்கில் உடம்பு சுதந்திரமாக நகர்ந்தால்தான் வண்டி திரும்பும், கட்டிப்போட்டால் செவிடான மாதிரி உணர்வார்கள். ஆனால் இடது கால் பிரேக்கில் இருக்கும்போது உடம்பை முட்டுக்கொடுக்கக் கால் இல்லை. பெல்ட் தளர்ந்தால் பிரேக்கில் உடம்பு முன்னே வழுக்கும், அந்த எடையும் பெடலில் விழும், அழுத்தம் ஏறி இறங்கும். தரவுக்கோடு சொன்ன படிக்கட்டுக் கோட்டில் ஒரு பங்கு இதனால்தான். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்புக்குக் கீழாக இறக்கி முதலில் இறுக்க வேண்டும், தோள் பட்டை பிறகு. வயிற்றின் மேல் ஏறியிருந்தால் மோதலில் குடலைக் கிழிக்கும்.

இருக்கை நுரையை அவருக்கென்றே வார்க்க வேண்டும். ஹான்ஸும் ஹெல்மெட்டும் சூட்டும் போட்டு உட்காரவைத்து, பிரேக்கைக் காலால் முழுசாக அமுக்கச் சொல்லி, அந்த நிலையில் வார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்து வார்த்தால் டிராக்கில் முழங்கால் மடிப்பு போதாது. கையால் பிரேக் பிடித்து வந்தவருக்கு இந்தப் பெடல் எவ்வளவு கெட்டி என்பது அப்போதுதான் தெரியும்.

#15 · வளைவு46

செம. கடைசியா ஒண்ணு. ஒரே ஒரு டெஸ்ட் நாள் கொடுத்தா எப்படி ஓட்டவைப்பீங்க?

#16 · பிட்சுவர்

காலையில் முதலில் தொழில்முறை டிரைவர் நான்கு சுற்று, ஓடிய டயரில். அதுதான் அளவுகோல். அதே டயர், அதே எரிபொருள் அளவில் சாம்பியன் ஏறட்டும்.

முதல் ஓட்டத்தில் சுற்று நேரத்தைத் திரையில் அணைத்துவிடுங்கள். நீண்ட நேர்கோட்டில் மட்டும் வேலை. பிரேக் பலகையைத் தாராளமாக முன்னே நகர்த்தி, ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குப் பெடலை உதைக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு தடவை. எல்லை எங்கே என்று கால் அறிந்தால் போதும், வளைவு எப்படிப் போனாலும் சரி. ஓட்டம் முடிந்ததும் ஒரே ஒரு கோட்டைக் காட்டுங்கள்: அழுத்தம் எத்தனை நொடியில் ஏறியது. 0.2-க்குள் வரும்வரை அடுத்த பாடம் இல்லை.

இரண்டாவது, காலை விடுவது. மெதுவான வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்டீயரிங் திரும்பத் தொடங்கும்போது உச்சத்தில் பாதிக்குக் கீழே, அபெக்ஸில் பூஜ்யம். டிராக்ஷன் கன்ட்ரோலை உயரத்தில் வைத்திருங்கள். பைக்காரருக்குப் பின்பக்கம் வழுக்கினால் திராட்டிலை மூடாத பழக்கம் உண்டு, ஹைசைடு (வழுக்கிய டயர் சட்டென்று பிடித்து ரைடரைத் தூக்கி எறிவது) பயத்தில் வந்தது. காரில் அது அழகான டிரிஃப்ட் ஆகும், பின்டயர் நாலு சுற்றில் வெந்துவிடும். மாலையில் கன்ட்ரோலை இறக்கும்போது இதைத் தனியாகப் பாருங்கள்.

மதியம் வலது வளைவுகள், கெர்ப். பிறகு ஒரு முழு ஸ்டின்ட், ரேடியோவோடு, நடுவில் பிட் நுழைவும் டிரைவர் மாற்றமும். புது டயர் செட்டைக் கடைசி ஒரு மணி நேரம் வரை தொடாதீர்கள். புது ஸ்லிக் (கோடு இல்லாத பந்தய டயர்) எல்லாத் தவறையும் மன்னித்து ஒரு நல்ல நேரத்தைக் கொடுத்துவிடும், அதை நம்பி அணி செட்டப்பை மாற்றத் தொடங்கும்.

சிமுலேட்டர் வைத்திருப்பவர் என்றால் லோட்-செல் பெடல் இல்லாமல் பிரேக் பழக வேண்டாம். தூரத்தை அளக்கும் பெடலில் பழகிய கால், அழுத்தத்தை அளக்கும் பெடலில் மறுபடி முதலிலிருந்து வரும்.

#17 · கப்கார்

எல்லாம் சரி, ஒன்றில் மாறுபடுகிறேன். முதல் ஓட்டத்தில் ஏபிஎஸ் குமிழைத் தலையீடு மிகக் குறைந்த நிலையில் வைக்க வேண்டும். அதிகத் தலையீட்டில் பூட்டப்போகும் கணத்தின் வாசனையே வராது.

#18 · தரவுக்கோடு

உலர்ந்த தரைன்னா குறைந்த நிலை சரி. காலைல டிராக் ஈரமா, குளிரா இருந்தா நடு நிலைல ஆரம்பிச்சு, டயர் காற்றழுத்தம் இலக்கை எட்டின பிறகு இறக்குங்க. குளிர்ந்த டயர்ல குறைந்த தலையீட்டோட பெடலை உதைச்சா முதல் வளைவுலயே ஒரு செட் தட்டையாகிடும், மிச்ச நாளுக்கு டேட்டா முழுக்க உதறல்தான் பதிவாகும்.